எலக்ட்ரோலைட் பொடி வாங்குவதற்கு முன்

அது உங்களுக்குத் தேவையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று வேளையும் சாப்பிட்டு, நிழலில் வேலை பார்ப்பவருக்குத் தண்ணீரே போதும். வேண்டிய உப்பு சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கத்திரி வெயிலில் மணிக்கணக்காகக் களையெடுப்பு, சித்தாள் வேலை என்றால் கதை வேறு. தண்ணீரோடு சோடியமும் வெளியேறிவிடும். கழிப்பறை இல்லாத வேலையிடத்தில் தாகத்தை அடக்கிக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அங்கே பொடியால் பயனில்லை. கழிப்பறையைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கல் ஷாப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த ஓஆர்எஸ் கேளுங்கள். லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 என்று உறையில் இருக்கும். குளுக்கோஸ் துணையோடுதான் குடல் சோடியத்தை விரைவாக உறிஞ்சும். தண்ணீர் அதைத் தொடரும். சர்க்கரை மிஞ்சினாலோ போக்கு இன்னும் கூடும். ஓஆர்எஸ் என்ற பெயரில் இனிப்புப் பானங்கள் விற்கப்படுவதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டத் தடை போட்டது. அவர் செய்தது பெரிய காரியம்.

வியர்வை இழப்புக்கு உப்பிட்ட மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பொடிதான் வேண்டுமென்றால் சோடியம் அளவைப் படியுங்கள். நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சில பொடிகளில் ஒரு பாக்கெட்டே 1,000 தருகிறது.

‘பெண்களுக்கென்றே’ என்ற அச்சுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். குடல் உப்பை உறிஞ்சும் விதம் எல்லோருக்கும் ஒன்றுதான். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமாகி அசதி நீடித்தால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். ரத்தசோகைக்கு இந்தப் பொடி மருந்தாகாது.

ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பொடியைத் தினசரிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கலக்கும்போது உறையில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள். ஜூஸ், சோடா, கூடுதல் சர்க்கரை வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்காதீர்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ 108-ஐ அழையுங்கள்.