கை விழுந்தால் தலையைப் பாருங்கள்

காலை ஏழரை மணி. கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் நிற்கிறது. மூச்சிரைக்க ஓடிவருகிறவர் கம்பியைப் பிடித்து ஏறிவிடுகிறார். அந்த ஒரு நொடிக்குள் மூளையின் இயக்கப் புறணியில் பிறந்த கட்டளை தண்டுவடம் வழியாக இறங்கி, விரல்களை மடக்கிவிட்டது. அந்தச் செய்தியைச் சுமந்தவை முதன்மையாக இரண்டே நரம்பணுக்கள்: ஒன்று மூளையிலிருந்து தண்டுவடம் வரை, மற்றது அங்கிருந்து தசை வரை. முதல் பாதையில் பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம் இழைகள் ஓடுகின்றன.

அந்தப் பாதைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால், "கை கால் இழுத்துக்கிச்சு" என்று வீடே பதறுகிறது. ஆளுக்கொரு வைத்தியமும் சொல்கிறார்கள். அவற்றில் சிலவற்றால் உயிரே போகலாம்.

நம்பிக்கை: வலது கை விழுந்துவிட்டது. புறா ரத்தம் தடவினால் சூடேறி எழுந்துவிடும்.

உண்மை: கையில் கோளாறு இல்லை. தசையும் அதற்கு வரும் நரம்பும் நலமாகவே இருக்கின்றன. அடைப்போ ரத்தக்கசிவோ பெரும்பாலும் இடப்பக்க மூளையில். மூளையிலிருந்து இறங்கும் இழைகளில் பத்தில் ஒன்பது பங்கு வரை முகுளத்தில் பக்கம் மாறிவிடுவதே காரணம். 1870-இல் ஜெர்மானியர்களான ஃபிரிட்ச், ஹிட்சிக் இருவரும் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் செலுத்தியபோது, எதிர்ப்பக்கத் தசைகள்தான் துடித்தன. கையில் எதைத் தடவினாலும் அது மூளைக்குப் போய்ச் சேராது.

நம்பிக்கை: பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் அடைப்பு நீங்கும்.

உண்மை: வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியால் விலைமதிப்பற்ற நேரம் வீணாகிறது. விரலில் நாலு சொட்டு வடிந்தால் மூளைக் குழாய் திறக்காது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவக் கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலையும் இந்த நாலரை மணியிலிருந்துதான் கழித்தாக வேண்டும். உடனே 108-ஐ அழையுங்கள்.

நம்பிக்கை: மயக்கம்தான். காபி கொடுத்து, ஒரு ஆஸ்பிரின் போட்டுப் படுக்க வைத்தால் தெளிந்துவிடும்.

உண்மை: விழுங்கும் தசைகளுக்கும் கட்டளை மூளையிலிருந்தே வருகிறது. அது தடுமாறும்போது காபி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். சில நிமிடங்களில் கை தானாகச் சரியானாலும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பெரிய தாக்குதலுக்கு முன் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

நம்பிக்கை: வாய் கோணிக்கொண்டது. ஜன்னலோரம் காற்று அடித்ததுதான் காரணம்.

உண்மை: முகநரம்பு வீங்கினாலும் வாய் கோணும், மூளையில் அடைப்பு வந்தாலும் கோணும். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருவதால், மூளைத் தாக்குதலில் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்க முடிகிறது. முகநரம்புக் கோளாறில் அந்தப் பக்க நெற்றியும் அசையாது. ஆனால் இதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது அவரிடம் கொண்டுபோவது மட்டும்தான்.

நம்பிக்கை: மூன்று மாதம் தாண்டினால் அவ்வளவுதான். இனி எண்ணெய் தேய்த்துவிடலாம், வேறு வழியில்லை.

உண்மை: முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆனால் அதோடு நிற்பதில்லை. கை முறுக்கிக்கொள்வது, தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்களை மூளை அடக்கி வைக்க முடியாமல் போவதால். எண்ணெய் இதமாக இருக்கும், அறுந்த பாதையை அது இணைக்காது. பிழைத்த நரம்பணுக்கள் புதுத் தொடர்புகளை உண்டாக்கிக்கொள்வது பயிற்சியால்தான். டம்ளரைப் பிடிப்பது, பொத்தான் போடுவது என்று ஒரே வேலையை நாள்தோறும் பலமுறை செய்ய வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காக 1990களில் வகுத்த கண்ணாடிப் பயிற்சி இன்று பக்கவாதத்துக்கும் பயன்படுகிறது. நல்ல கையின் பிம்பம் கண்ணாடியில் அசையும்போது, விழுந்த கையே அசைவதாக மூளைக்குத் தோன்றுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் அதே திட்டத்தில் கிடைக்கின்றன. அவற்றை விடாமல் சாப்பிட்டாலே இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

வாய் கோணினாலும், கை தாழ்ந்தாலும், பேச்சு குழறினாலும் காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்றுதான். நாலரை மணிக் கணக்கு தொடங்குவது அந்த நேரத்திலிருந்து. அதை ஒரு தாளில் குறித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.