வேரறிந்தால் நோய் விளங்கும்

மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்து மயங்கும் மாணவர்க்கு எளிய வழியொன்று கூறுவோம். கிரேக்கத்தில் ‘ஹெபார்’ கல்லீரல், ‘காஸ்டர்’ இரைப்பை, ‘ஐடிஸ்’ என்னும் விகுதி அழற்சியைக் குறிக்கும். எனவே ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி; காஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி. பகுதி, விகுதி எனப் பிரிக்கும் நன்னூல் நெறியும் இதுவே. முயல் என்பது ‘சி’ பெற்று முயற்சி ஆவதுபோல், தீயெனப் பொருள்படும் அழல் அழற்சியாயிற்று.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, கலைச்சொற்களும் தொகுத்தார். 2022இல் கள்ளக்குறிச்சியிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் முதியவர் ‘ஹெபடைட்டிஸ்’ எனக் கேட்டால் திகைப்பார். “ஐயா, கல்லீரல் அழன்று வீங்கியுள்ளது” என்றால் தம் நோயை உணர்வார். வேரறிந்த மாணவரே அவ்வாறு விளக்க வல்லார். சொல்லைப் பகுத்தறியப் பழகுவோம். நோயாளியின் அச்சம் களைவோம்.