பூனையின் ஈறைப் பாருங்கள்

பூனை இளைத்தால் கைக்குத் தெரியும். ரத்தம் குறைந்தால் வெளியே தெரியாது, ரோமம் மறைத்துவிடும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு மங்கி வெளிறியிருந்தால் ரத்தசோகையைச் சந்தேகிக்கலாம். படுத்திருக்கும்போதே மூச்சு வேகமாக வாங்குவது, வழக்கமாகத் தாவும் திண்ணையில் ஏறத் தயங்குவது, மண்ணையும் சுவரையும் நக்குவது ஆகியவையும் அடையாளங்கள்தாம்.

நாமக்கல் பக்கம் குட்டிகளிடம் நான் அதிகம் பார்த்த காரணம் தெள்ளுப்பூச்சி. அரைக் கிலோ குட்டியின் உடம்பில் மொத்தமே சுமார் 30 மில்லி ரத்தம்தான். நூறு பெண் பூச்சிகள் ஒரே நாளில் 1 மில்லிக்கு மேல் உறிஞ்சிவிடும். சீப்பால் வாரும்போது விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், குட்டியின் ரத்தம். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. பெர்மெத்ரின் கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

சின்ன வெங்காயம் விளையும் மண் இது. சாம்பார்ச் சோற்றைப் பிசைந்து வைப்பது பாசத்தால்தான். ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. குழம்பு ஊற்றாத சோற்றில் அவித்த முட்டையைப் பிசைந்து தரலாம். பாராசிட்டமால் இன்னும் கொடியது: ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

கொக்கிப்புழு, தீவன குடோனில் எலி மருந்து தின்ற எலி, வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று காரணங்கள் நீளும்.

அதனால்தான் மருந்துக்கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கி ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. ரத்தசோகை வேறொரு நோயின் விளைவு. அந்த நோயைக் கண்டுபிடிக்காமல் டானிக் ஊற்றினால் நாள்தான் வீணாகும். நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் ரத்த அணு அளவோடு, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையையும் கேளுங்கள். சிவப்பணுவில் ஒட்டி அதை அழிக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி அதில் தென்படலாம். ரத்தம் ஏற்றும் நிலை வந்தால், பூனைகளுக்கும் ஏ, பி, ஏபி என ரத்த வகைகள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். வகை பார்க்காமல் ஏற்றினால் முதல் தடவையே உயிர் போகலாம்.

மைக்கோபிளாஸ்மாவுக்குப் பெரும்பாலும் டாக்சிசைக்கிளின் எழுதித் தருவார்கள். மாத்திரை கொடுத்ததும் ஊசி கழற்றிய சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும்.