மோட்டாருக்கு ஒரே வாசல்

அன்புள்ள யாழினிக்கு,

மாடல் ரயில் பற்றிய உன் கடிதத்தில் இருந்த ஒரு கேள்வி என் மனதிலேயே தங்கிவிட்டது. "டி.சி.சி. முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் இன்ஜின் எப்படி சார் நிற்கிறது?" என்று கேட்டிருந்தாய். இதைக் கேட்கத் தோன்றியவளுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் சொல்வேன். ஆனால் அதே கடிதத்தின் கடைசியில், "டீகோடர் ஒன்றைப் போட்டுவிட்டால் பழைய இன்ஜினும் புதுசு மாதிரி ஓடும் என்று கடையில் சொன்னார்கள்" என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை, அந்தப் பேச்சின் மேல். அதை நம்பித்தான் பலர் டீகோடரைக் கருக்குகிறார்கள். கருகிய பிறகு டீகோடர் மட்டம் என்று பழியும் போடுகிறார்கள்.

ஓம் விதியும் சால்டரிங்கும் உனக்குத் தெரியும். நேராக உன் கேள்விக்கு வருகிறேன்.

பழைய டி.சி. முறையில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜேதான் மோட்டாருக்கும் போகிறது. கூட்டினால் வேகம், குறைத்தால் நிதானம், திசை மாற்றினால் பின்னோட்டம். டி.சி.சி.யில், அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோலில், தண்டவாளத்தில் இருப்பது உன் இன்ஜினின் அளவுக்குப் பெரும்பாலும் 14, 15 வோல்ட். அது நின்று நிலைத்த டி.சி. அல்ல, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் சதுர அலை. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது 0. ஆக, மின்சக்தியே செய்தியாகவும் இருக்கிறது. முதலில் குறைந்தது பதினான்கு 1கள் வரிசையாக வரும். பிறகு இன்ஜினின் முகவரி, அதன் பின் கட்டளை. கடைசியில் முந்தைய பைட்டுகளை எக்ஸ்-ஆர் செய்து கிடைத்த சரிபார்ப்பு பைட். கணக்கு இடித்தால் இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் அந்தச் செய்தியைக் காதில் போட்டுக்கொள்ளாது. செய்திகள் ஓயாமல் திரும்பத் திரும்ப அனுப்பப்படுவதால் ஒன்று தவறினாலும் குடிமுழுகிவிடாது.

இந்த அலையை நேராக ஒரு நிரந்தரக் காந்த மோட்டாருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அது முன்னே போகவும் முடியாமல் பின்னே போகவும் முடியாமல் ரீங்காரமிட்டுக்கொண்டு சூடாகும், அவ்வளவுதான். டீகோடர் அந்த அலையை பிரிட்ஜ் ரெக்டிஃபையரால் டி.சி. ஆக்கி, செய்தியைப் படித்து, எச்-பிரிட்ஜ் வழியாகத் துடிப்பு துடிப்பாக மோட்டாருக்கு அளந்து கொடுக்கிறது. 'நில்' என்ற கட்டளை வந்தால் அந்த வாசலை மூடிவிடுகிறது. தண்டவாளத்தில் எவ்வளவு வோல்டேஜ் இருந்தால் என்ன, மோட்டாருக்கு ஒன்றும் போகாது. இன்ஜின் நிற்பது இப்படித்தான்.

இந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் வாசல் டீகோடர் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும். இரண்டாவது வாசல் ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் எல்லாம் கெட்டது. நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

இங்கே கொஞ்சம் விலகிப் போக அனுமதி கொடு. ஸ்டீவன் லெவி 1984இல் எழுதிய 'ஹேக்கர்ஸ்' நூல் எம்.ஐ.டி.யின் மாடல் ரயில் கழகத்தில்தான் தொடங்குகிறது. 1946இல் உருவான அந்தக் கழகத்தை எல்லோரும் கணினி வரலாற்றுக்காகப் படிக்கிறார்கள். நான் படித்தது ரயிலுக்காக. மேசைக்கு மேலே ரயிலும் வீடும் மரமும். மேசைக்குக் கீழே தொலைபேசி ரிலேக்களும் ஒயர்களும் அடர்ந்த காடு. அந்தக் காடு ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பார். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் நின்றால் டி.சி. முறையில் இரண்டும் சேர்ந்துதான் ஓடும். அதனால் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, இந்தத் துண்டு இப்போது எந்த ஓட்டுநரின் கையில் என்று ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறையின் மூளையெல்லாம் மேசைக்கு அடியில் செலவானது. டி.சி.சி. செய்தது என்னவென்றால், மேசைக்கு அடியில் இருந்த அந்த ஸ்விட்சை எடுத்து இன்ஜினுக்குள் வைத்தது. அதன் பிறகு பாதையை ஓட்ட வேண்டியதில்லை, இன்ஜினையே ஓட்டலாம்.

இன்ஜினுக்குள் ஸ்விட்ச் வைக்கும் யோசனை டி.சி.சி.க்கும் முந்தியது. ஹார்ன்பி நிறுவனம் 1979இலேயே 'ஜீரோ ஒன்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் காலத்து முறைகள் தத்தம் நிறுவனத்தின் வேலிக்குள்ளேயே நின்றன. ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, 1990களில் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் பொதுத் தரம் வகுத்த பிறகுதான் ஒருவருடைய டீகோடர் இன்னொருவருடைய கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசத் தொடங்கியது. பொதுத் தரத்துக்கு உட்படாத எந்தப் பொருளையும், விலை மலிவு என்பதற்காக நீ வாங்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது.

இனி உன் இன்ஜின். உன்னிடம் இருப்பது ட்ரை-ஆங் நிறுவனத்தின் 'ஜின்டி'. அசல் ஜின்டிகள் 1924க்கும் 1931க்கும் இடையில், பெரும்பாலும் லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட ஆறு சக்கர டேங்க் இன்ஜின்கள், மொத்தம் 422. உன் கையில் இருக்கும் பொம்மை 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடுவது, எக்ஸ்-04 மோட்டார் பொருத்தியது. உழைப்பாளி மோட்டார். ஆனால் டி.சி. காலத்தில் பிறந்தது. அக்காலத்துக் கணக்குப்படி ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் பிக்கப் தகடு வழியாக ஒரு பிரஷ்ஷுக்கு வரும். இன்னொரு பிரஷ் சேசிஸோடு தொட்டுக்கொண்டிருக்கும். சேசிஸ் மற்ற பக்கச் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தைத் தொடும். ஒரு ஒயர் மிச்சம். டி.சி.க்கு அது புத்திசாலித்தனமான சிக்கனம். டி.சி.சி.க்கு அதுவே நான் சொன்ன இரண்டாவது வாசல்.

அப்படியே டீகோடரை இணைத்தால், அதன் மோட்டார் ஒயர்களில் ஒன்று சேசிஸ் வழியாகத் தண்டவாளத்தோடு நேராகச் சேர்ந்துவிடும். எச்-பிரிட்ஜின் டிரான்சிஸ்டர் வழியாகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முழு மின்னோட்டமும் பாயும். புகை வர நேரமே ஆகாது. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

பிரஷ்களை அழுத்திப் பிடிக்கும் கம்பி ஸ்பிரிங்கைக் கவனி. அதன் ஒரு காலில் மட்டும் இன்சுலேஷன் உறை இருக்கும். மற்றக் காலுக்கும் அதே போல் மெல்லிய உறை போடு. சேசிஸ் பக்கத்து பிரஷ் உலோகத்தை வேறெங்கும் தொடாதபடி செய். பிக்கப்பிலிருந்து பிரஷ்ஷுக்கு வரும் பழைய ஒயரைக் கழற்று. பிறகு மல்டிமீட்டரை எடு. பீப் சத்தத்தை நம்பாதே. கார்பன் பிரஷ் தேய்ந்து தேய்ந்து கறுப்புத் தூள் கம்யூட்டேட்டரைச் சுற்றிப் படிந்திருக்கும். அந்தத் தூள் வழியாகச் சில ஆயிரம் ஓம் கசிவு இருந்தால் பீப் வராது. ஆனால் வாசல் திறந்துதான் இருக்கிறது. ஓம் அளவையின் உயர்ந்த எல்லையில் வைத்து, ஒவ்வொரு பிரஷ்ஷிலிருந்தும் சேசிஸுக்கும் இருபக்கச் சக்கரங்களுக்கும் பார். அளக்கும்போதே சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்று. ஆர்மேச்சர் ஒரு கோணத்தில் மட்டும் தொடுவதும் உண்டு. மீட்டர் எல்லா நிலையிலும் 'இணைப்பு இல்லை' என்றே காட்ட வேண்டும். ஒரு பிரஷ் சேசிஸைத் தொட்டால் ஆர்மேச்சர் சுருள் வழியாக மற்ற பிரஷ்ஷும் தொடுவது போலவே காட்டும். எது குற்றவாளி என்று தெரியாவிட்டால் பிரஷ்களைத் தூக்கிவிட்டுத் தனித்தனியாக அள. எல்லாம் முடித்து மேல்கூட்டைப் பொருத்தித் திருகிய பிறகு இன்னொரு முறையும் அள. கூட்டுக்கடியில் நசுங்கிய ஒயர் உன் உழைப்பையெல்லாம் வீணாக்கிவிடும்.

அந்தத் தூளைத் துடைக்கிறேன் என்று ஆர்மேச்சரை வெளியே உருவாதே. உருவினால் பழைய காந்தத்தின் பலம் குறையும். உருவியே ஆக வேண்டுமென்றால் காந்தத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வைத்துவிட்டு உருவு. காந்தம் தளர்ந்த மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும், சூடாகும். அதனால்தான் டீகோடர் வாங்குமுன் இன்ஜினைச் சாதாரண 12 வோல்ட் டி.சி.யில் வைத்து, சக்கரத்தை ஒரு கணம் அழுத்தி நிறுத்தி, அம்மீட்டரைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த அளவு டீகோடரின் தாங்குதிறனைத் தாண்டினால் அந்த டீகோடர் வேண்டாம்.

கடைக்காரர் பேச்சுக்கு இங்கே பதில் வருகிறது. டி.சி.யில் திக்கித் திக்கி ஓடும் இன்ஜின் டி.சி.சி.யில் இன்னும் மோசமாக ஓடும். அழுக்குச் சக்கரத்தால் மின்சாரம் ஒரு கணம் விட்டால், டி.சி. மோட்டார் சற்றே தயங்கித் தொடரும். டீகோடரோ உள்ளே ஒரு சிறு கணினி. மின்சாரம் விட்டால் எல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கும். கெப்பாசிட்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். முதலில் சக்கரத்தையும் பிக்கப்பையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடை, பல்சக்கரத்துக்கு ஒரு துளி எண்ணெய் விடு, டி.சி.யில் வழுக்கிக்கொண்டு ஓடச் செய். அதன் பிறகு டீகோடரைப் பற்றிப் பேசலாம். டீகோடர் நல்ல இன்ஜினை இன்னும் நன்றாக ஓட்டும்; கெட்டதைத் திருத்தாது.

இணைப்பு சுலபம். சிவப்பு வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடது தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. நீலம் விளக்குகளுக்குப் பொது நேர்முனை. அதைச் சேசிஸில் தொட விடாதே. சேசிஸ் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு இணைந்திருப்பதில் தவறில்லை, அந்தப் பக்க ஒயரை அதிலேயே திருகலாம். மோட்டார்தான் தனித்திருக்க வேண்டும். மோட்டார் முனைகளுக்கு நடுவே பழைய இரைச்சல் தடுப்புக் கெப்பாசிட்டர் இருந்தால் எடுத்துவிடு. நல்ல டீகோடர் துடிப்புகளுக்கு நடுவே ஒரு நொடித்துணுக்கு நிறுத்தி, மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜை அளந்து வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கெப்பாசிட்டர் அளவைக் குழப்பும். டீகோடரை முழுக்க டேப்பால் சுற்றாதே, அது சூடாறக் காற்று வேண்டும்.

முதல் ஓட்டம் பெரிய பாதையில் கூடாது. புரோகிராமிங் பாதையில் வை. அங்கே மின்னோட்டத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, ஏதாவது தவறியிருந்தாலும் டீகோடர் பிழைக்க வாய்ப்புண்டு. டீகோடரின் அமைப்புகள் சி.வி. எனப்படும் எண்ணிட்ட இடங்களில் இருக்கின்றன. சி.வி. 1இல் முகவரி, புதிதாக வரும்போது 3 என்றிருக்கும். அதைப் படிக்கச் சொல். இன்ஜின் சின்னதாக ஒரு துள்ளு துள்ளும். அது கோளாறு அல்ல. டீகோடருக்குப் பதில் சொல்ல வேறு வழி இல்லாததால், மோட்டாரை ஆறு மில்லி நொடி அளவுக்கு இயக்கி, 60 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் கூடுதலாக இழுத்துக் காட்டுகிறது. பெட்டி அந்த ஏற்றத்தைப் பார்த்து 'ஆம்' என்று எடுத்துக்கொள்கிறது. மோட்டார் சரியாக இணையவில்லை என்றால் பதிலே வராது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் மேல் எனக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை.

இன்ஜின் முன்னே என்றால் பின்னே போகிறதா? சால்டரைப் பிடுங்காதே, சி.வி. 29இன் முதல் பிட்டை மாற்று. அதே சி.வி.யில் டி.சி.யிலும் ஓட அனுமதிக்கும் பிட்டையும் அணைத்துவிடு. இல்லாவிட்டால் என்றாவது செய்தியைத் தவறவிட்ட டீகோடர் தண்டவாளத்தில் இருப்பது டி.சி. என்று நினைத்து முழு வேகத்தில் பாயும்.

கைபேசியிலிருந்து ரேடியோ மூலம் ஓட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வழக்கமான அமைப்பில் அந்த ரேடியோ கைபேசிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவே மட்டும்தான். பெட்டியிலிருந்து இன்ஜினுக்குத் தண்டவாளம்தான் வழி. இன்ஜினுக்குள்ளேயே பேட்டரியும் ரிசீவரும் வைத்து, தண்டவாளத்தில் மின்சாரமே இல்லாமல் ஓட்டும் முறையும் உண்டு. ஜின்டிக்குள் அந்த மோட்டார் அடைத்துக்கொண்ட பிறகு பேட்டரிக்கு இடம் தேடுவது கடினம். அந்த முறைக்குப் போனாலும் மோட்டாரைச் சேசிஸிலிருந்து பிரித்தே வை. பிரிக்காமல் விட்டால், நண்பர் வீட்டில் மின்சாரம் உள்ள பாதையில் ஒரே ஒருமுறை வைத்தால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

ஆகவே, இப்போதைக்கு எதையும் வாங்காதே. மூன்று விஷயம் எழுதி அனுப்பு: உறை போட்ட பிறகு இரண்டு பிரஷ்களிலிருந்தும் சேசிஸுக்கு உயர்ந்த எல்லையில் மீட்டர் காட்டுவது, சக்கரத்தைச் சுழற்றும்போது அது மாறுகிறதா என்பது, 12 வோல்ட்டில் நிறுத்திப் பிடித்தபோது அம்மீட்டர் காட்டியது. எந்த டீகோடர் வாங்கலாம் என்பதை அந்த அளவுகளைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
உன் எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர்