பட்டியலில் பேர் இருந்தால் போதுமா?

நம்பிக்கை: தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு கையில் இருந்தால் பைத்தான் புரோகிராம் எங்கேயும் ஓடும்.

உண்மை: அந்தக் கோப்பில் பேக்கேஜ் எதுவும் இல்லை, பெயர்களும் பதிப்பு எண்களும்தான். 'ஓப்பன்-தமிழ்' என்று ஒரு வரி எழுதினால், 'பிப்' கருவி பைபிஐ என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போய், முத்து அண்ணாமலை முதலானோர் எழுதிய அந்த நூலகத்தை இறக்கித் தரும். நெட் இல்லாவிட்டால் அந்த வரி வெறும் வரிதான்.

பென்னாகரத்தைத் தாண்டி ஏரியூரில் உட்கார்ந்து செல்போன் ஹாட்ஸ்பாட்டில் புரோகிராம் எழுதுகிறவருக்கு இது டேட்டா கணக்கு. எண்கணக்குக்கான 'நம்பை' நூலகம் ஒன்றே பத்து எம்பிக்கு மேல். நல்ல நெட் கிடைக்கும் இடத்தில் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் இறக்கிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் எடுத்துப் போய், 'நோ-இன்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்ற இரண்டு தெரிவுகளையும் சேர்த்து நிறுவினால் நெட்டே வேண்டாம். ஆனால் லினக்ஸில் இறக்கிய நம்பை விண்டோஸில் ஏறாது. பைத்தான் 3.12க்கு இறக்கியது 3.10இல் ஏறாது. எதற்கானது என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கும்: 'சிபி312', 'மேனிலினக்ஸ்', 'வின்_ஏஎம்டி64'. எடுத்துப் போகும் முன் அதைப் படியுங்கள்; பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

நம்பிக்கை: பதிப்பு எண்ணைக் குறித்துவிட்டால் எல்லார் கணினியிலும் ஒன்றேதான் ஏறும்.

உண்மை: நீங்கள் குறித்தது நீங்கள் கேட்ட பேக்கேஜுக்கு மட்டும். அது தன் பங்குக்கு இழுத்துவரும் மற்றவற்றின் பதிப்பை யாரும் கட்டிவைக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம்மில், எல்லாவற்றின் பதிப்பையும் குறித்துவைக்கும் லாக் கோப்பு இருப்பது இதற்காகத்தான். என்பிஎம் புரோகிராமைப் பகிரும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

நம்பிக்கை: இறக்கிய கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் ஒத்துப்போனால் அது பாதுகாப்பானது.

உண்மை: நடுவழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதை மட்டுமே ஹாஷ் சொல்லும். புறப்பட்ட இடத்திலேயே நஞ்சு கலந்திருந்தால்? கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட விவகாரம் அதுதான். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை வைத்தவர், நம்பிக்கையைச் சம்பாதித்துப் பராமரிப்பாளராகவே ஆகியிருந்தவர். வெளியீட்டில் முறையான கையொப்பமும் இருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர்தான் பிடித்தார். டெபியன் லினக்ஸின் சோதனைக் கிளைகள் வரை அது போய்விட்டது. நிலையான வெளியீட்டில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். அங்கே இருந்தது பழைய 5.4.