நாணயத்தில் பிழை எது, வேறுபாடு எது?

பூவா தலையா போடும்போது நாம் யாரும் நாணயத்தை உற்றுப் பார்ப்பதில்லை. திருப்புட்குழியில் எங்கள் வகுப்புத் தோழியின் பாட்டியோ 1998ஆம் ஆண்டு இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றைச் சுருக்குப் பையில் பல ஆண்டுகளாகக் காத்து வந்தார். அதில் எண்கள் இரட்டையாகத் தெரியும். "இது இரட்டை அச்சு, ஆயிரக்கணக்கில் விலை போகும்" என்று திருவிழாக் கடைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டாராம். ஒழுகும் கூரையை மாற்ற அந்தப் பணம் உதவும் என்று பாட்டி நம்பியிருந்தார். ஆகவே இச்சொற்களின் பொருளைச் சரியாகத் தெரிந்துகொள்ள முனைந்தோம்.

அச்சு என்பது உருவம் குழிவாகப் பதிந்த எஃகுத் துண்டு. உருவம் மேடாக உள்ள தாய் அச்சை எஃகில் அழுத்தி அதைச் செய்வார்கள். முற்காலத்தில் ஒரே அழுத்தலில் உருவம் முழுதும் பதியாது. மீண்டும் அழுத்த வேண்டும். மறுமுறை இம்மி திரும்பினாலும் எழுத்துகள் அச்சிலேயே இரட்டித்துவிடும். இதுவே இரட்டை அச்சு. அந்த அச்சில் அடித்த நாணயம் ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே இரட்டிப்பு இருக்கும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் இதற்குப் புகழ்பெற்றது. இவ்வாறு ஓர் அச்சுக்கே உரிய அடையாளத்தைத்தான் 'அச்சு வேறுபாடு' எனல் வேண்டும்.

நாணயம் நடு விலகி அடிபட்டால் அது அச்சின் குறையன்று. அந்த ஒரு நாணயத்தோடு போயிற்று. அது 'அடிப்புப் பிழை'. ஆண்டின் கீழே மும்பைக்குச் சாய்சதுரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி உண்டு. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இதைக் 'குறி விடுபட்ட பிழை' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்!

1911ஆம் ஆண்டின் 'பன்றி ரூபாய்' கதை சுவையானது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியிலிருந்த சின்னஞ்சிறு யானை, துதிக்கை குட்டையானதால் பன்றிபோல் தோன்றியது. எதிர்ப்பு எழவே, 1912இல் யானையைத் திருத்தினார்கள். இதையும் அச்சுப் பிழை என்பார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. அவ்வாண்டு ரூபாய்கள் எல்லாவற்றிலும் அதே யானைதானே? மாறியது வடிவமே, ஆதலால் அது தனி 'வகை'.

இனிப் பாட்டியின் நாணயம். இரட்டை அச்சானால் இரண்டாம் கோடும் உருண்டு திரண்டிருக்கும். எழுத்தின் முனை பிளந்து காணும். லென்ஸ் வழியே பார்த்தபோது அது தட்டையாக, படிக்கட்டுபோல் இருந்தது. அடிக்கும் வேளையில் அச்சு ஆடினால் இப்படி ஆகும். இது மிகச் சாதாரணம்; தனி விலை கிடையாது.

யார் சொல்வதென்று நாங்கள் தயங்கினோம். கடைசியில் தோழியே சொன்னாள். பாட்டி லென்ஸை வாங்கித் தாமும் நெடுநேரம் பார்த்தார். "அப்போ ரெண்டு ரூபாதானாடி?" என்று கேட்டுவிட்டு, நாணயத்தை மறுபடியும் சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொண்டார்.