மளிகைச் சரக்கும் மலரும் தூது போன கதை

கடைக்கு வருகிறவர் கிராம்பு, பட்டை, மிளகு என்று கேட்டால், குருமாவுக்கோ கஷாயத்துக்கோ என்று எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கிறோம். இதே மூன்று சரக்கும் ஒரு காலத்தில் காதல் கடிதமாகக் கைமாறியிருக்கின்றன என்றால் நம்புவதற்குச் சற்றுச் சிரமமாகத்தான் இருக்கும். பூக்களுக்குப் பொருள் வைத்து இரகசியச் செய்தி அனுப்பும் வழக்கத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அதன் தொடக்கத்திலேயே நம் மளிகைச் சரக்கு இருக்கக் கண்டு வியந்தோம். வியாபாரிகளுக்குப் பயன்படும் விஷயமும் அதில் இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

துருக்கிப் பேரரசின் தலைநகராக இருந்த இஸ்தான்புல்லுக்கு 1717இல் இங்கிலாந்துத் தூதராக வந்தவரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு. துருக்கியில் வழக்கிலிருந்த அம்மை குத்தும் முறையைப் பார்த்து, அதை இங்கிலாந்தில் பரப்பப் பாடுபட்ட அம்மையார் இவர்தான். 1718இல் தம் தோழி ஒருவருக்குக் கடிதம் எழுதி, கூடவே ஒரு சிறு பெட்டியையும் கப்பலில் அனுப்பினார். பெட்டிக்குள் இருந்தது ஒரு துருக்கிக் காதல் கடிதம். ஆனால் அதில் எழுத்தே கிடையாது. முத்து, கிராம்பு, காகிதத் துண்டு, பேரிக்காய், சோப்பு, கரி, ரோஜா, துணி, பட்டை, திராட்சை என்று வரிசையாகப் பொருள்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் மிளகு. ஒவ்வொன்றாக வரிசைப்படி எடுத்துப் பார்த்தால் செய்தி விளங்கும். இந்த முறைக்கு ‘செலாம்’ என்று பெயர். நமக்குத் தெரிந்த ‘சலாம்’ என்ற சொல்லேதான்.

மிளகுக்கு மலபார், பட்டைக்கு இலங்கை, கிராம்புக்கு மொலுக்கஸ் தீவுகள் என்று அன்றே உலகம் அறிந்த விளைநிலங்கள் உண்டு. அத்தனை தூரம் கடந்து போன சரக்கு சமையலுக்கு மட்டும் பயன்படவில்லை. கிராம்பும் ஒரு பூதான் என்பதை நம்மில் சிலர் மறந்திருப்போம். மரத்தில் விரிவதற்கு முன்பே பறித்து உலர்த்திய மொட்டு அது. விரிந்துவிட்டால் விலை போகாது.

சரி, மிளகுக்கு என்ன பொருள்? ‘பதில் அனுப்பு’ என்று பொருள். ஏன் என்று கேட்டால், காரத்துக்கும் பதிலுக்கும் ஏதோ தத்துவத் தொடர்பு என்று நினைத்துவிட வேண்டாம். துருக்கி மொழியில் மிளகுக்குப் பெயர் ‘பிபேர்’. செய்திக்குப் பெயர் ‘ஹபேர்’. உருது பேசும் நம் வியாபார நண்பர்கள் ‘கபர்’ என்கிறார்களே, அதுவே. பிபேர் என்றதும் ஹபேர் நினைவுக்கு வரும். அதுபோல் பேரிக்காய் ‘அர்முத்’, நம்பிக்கை ‘உமுத்’. பேரிக்காய் வந்தால் ‘கொஞ்சம் நம்பிக்கை கொடு’ என்று கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஓசை ஒத்துப்போவதுதான் இதன் சாவி. பொருளின் நிறத்துக்கோ மணத்துக்கோ குணத்துக்கோ இதில் அதிக வேலை இல்லை. ஹாமர் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1809இல் இந்தச் சாவியை விளக்கி எழுதினார். காதலர்கள் அனுப்பிக்கொண்டதைவிட, அந்தப்புரத்துப் பெண்கள் தங்களுக்குள் பொழுதுபோக்காக விளையாடியதே இது என்பது அவருடைய கருத்து. நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. துருக்கி மொழி தெரியாதவர் கையில் அந்தப் பெட்டி கிடைத்தால், அவருக்கு அது வெறும் மளிகைப் பெட்டிதானே!

மாண்டேகு அம்மையாரின் கடிதங்கள் அவர் காலமான மறு ஆண்டு, 1763இல், அச்சில் வந்தன. ஐரோப்பாவில் ஆவல் பற்றிக்கொண்டது. பாரிஸில் 1819இல் சார்லட் டி லதூர் என்ற புனைபெயரில் வெளிவந்த பூமொழி அகராதி பெரும் விற்பனை கண்டது. அதைத் தொடர்ந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வரிசையாகப் புத்தகங்கள் வந்தன. கேட் கிரீன்அவே 1884இல் படங்களுடன் வெளியிட்ட புத்தகம் இன்றும் மறுபதிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது. சரக்கு நல்ல சரக்குதான், சந்தேகமில்லை.

இந்தப் புத்தகங்களிலும் சொல் விளையாட்டு உண்டு. நம் செண்டுமல்லியின் தூரத்து உறவான ஒரு மஞ்சள் பூவுக்குப் பிரெஞ்சு மொழியில் ‘சூசி’ என்று பெயர். கவலைக்கும் அதே சொல்தான். ஆகவே அந்தப் பூ துக்கத்தின் அடையாளமாகிவிட்டது. செண்டுமல்லி பட்ட பாடு இன்னும் மோசம். அதற்குக் கிரீன்அவே எழுதியிருக்கும் பொருள் ‘அற்ப புத்தி’. ஆயுத பூஜையன்று கல்லாப்பெட்டி முதல் தராசு வரை அதைத்தானே சரமாகக் கட்டுகிறோம்! கொத்தமல்லிக்கு ‘மறைந்திருக்கும் மதிப்பு’ என்றும், துருக்கியில் காதல் சொன்ன கிராம்புக்கு ‘கண்ணியம்’ என்றும் அதே புத்தகம் சொல்கிறது.

ஒரே கிராம்புக்கு ஊருக்கு ஒரு பொருள் என்றால் பரவாயில்லை. ஒரே நாட்டில் விற்ற இரண்டு புத்தகங்களே ஒரு பூவுக்கு வெவ்வேறு பொருள் சொல்லின. அனுப்புகிறவரிடம் ஒரு புத்தகமும் பெறுகிறவரிடம் வேறு புத்தகமும் இருந்தால் விபரீதம்தான். இருவரிடமும் ஒரே புத்தகம் இருந்தாலும், அதே புத்தகம் பெண்ணின் தகப்பனார் அலமாரியிலும் இருக்குமே, பிறகு இரகசியம் ஏது? இப்படிப் பூ அனுப்பி உண்மையிலேயே செய்தி பரிமாறிக்கொண்டதற்குச் சான்று மிகக் குறைவு என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். புத்தகம் பரிசுப் பொருளாக விற்றது, பதிப்பாளர் இலாபம் பார்த்தார், அவ்வளவே.

உண்மையில் வேலை செய்த இரகசியக் குறிகளைப் பார்க்க நம் வியாபார உலகுக்கு வந்தால் போதும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது, பிடித்த இருவருக்கும் சல்லிக்காசு பிசகாது. ஜவுளிக்கடைகளில் எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, எழுத்துக்கு ஓர் எண் என்று அடக்க விலையைச் சீட்டில் குறித்து வந்தார்கள். பொதுவாகப் புழங்கும் புத்தகம் எதுவும் இவற்றுக்கு இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் நேரில் பேசி முடிவு செய்தது மட்டுமே.

இரகசியம் வேண்டாத இடத்தில்தான் நமக்குச் சிக்கல் வருகிறது. தென்மாவட்டத்துக் கடைக்காரர் ‘சர்க்கரை ஒரு மூட்டை’ என்று எழுதினால் அது நாட்டுச் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை அவருக்குச் சீனி. அதே சீட்டு சென்னை மண்டியில் வெள்ளைச் சர்க்கரை ஆகிவிடும். ‘மல்லி’ என்றால் ஒருவருக்குத் தனியா, ஒருவருக்குக் கொத்தமல்லித் தழை, பூக்கடைக்காரருக்குக் குண்டுமல்லி. மூட்டை மாறிப் போனால் வண்டி வாடகை, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, அதற்குமேல் பல வருட வாடிக்கையாளரின் மனத்தாங்கல். யார் மீதும் தவறில்லை, இருவர் கையிலும் இருப்பது வேறு வேறு புத்தகம். அதனால் நம் மண்டியில் வெளியூர் வாடிக்கையாளர் ஒவ்வொருவர் பேரேட்டின் முதல் பக்கத்திலும், அவர் எந்தச் சரக்கை எந்தப் பெயரால் சொல்வார் என்று குறித்து வைத்திருக்கிறோம். கைப்பேசியில் ஆர்டர் வந்தாலும் பையன் அந்தப் பக்கத்தைப் பார்த்து, “வெள்ளைச் சீனிதானே அண்ணாச்சி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சீட்டு போடுகிறான்.